எபிசோட் 38: பார்க்குக்குப் போறது அவ்ளோ பெரிய விஷயமா?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த 'ம்ம்', 'ஆக்சுவலா' எல்லாவற்றையும் முடிந்தவரை எடுத்துவிட்டேன். மற்றபடி பேசியது பேசியபடியே.)

வழக்கமா இந்த நேரத்துக்கு ஏதாவது ஆப், ஏதாவது கோட், ஏதாவது லேஆஃப் பற்றிப் பேசிக்கிட்டிருப்போம். இன்னைக்கு அதெல்லாம் இல்லை. இன்னைக்கு என் அக்கா பையனைப் பற்றிப் பேசப்போறேன். வயசு ஏழு. வீட்டில் எல்லாரும் குட்டின்னு கூப்பிடுவோம். உண்மையான பேரைச் சொல்லமாட்டேன், ஏன்னா நாளைக்கு அவனே வளர்ந்து இந்த எபிசோடைக் கேட்கலாம். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். "பேசுடா, ஆனா பாவம்னு மட்டும் சொல்லாதே" என்றாள். சரி, சொல்லமாட்டேன்.

குட்டிக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று உறுதிசெய்தார்கள். போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா அவனை ஒரு பார்க்குக்குக் கூட்டிப்போனாள். எந்த ஏரியா என்பது முக்கியமில்லை. அவனுக்கு ஊஞ்சல் என்றால் உயிர். ஏறி உட்கார்ந்தவன் இறங்கவே இல்லை. பின்னாடி நாலைந்து பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு அம்மா, "எவ்ளோ நேரம்தாங்க?" என்று கேட்க, அக்கா அவனை இறக்கப் பார்த்தாள். அவன் கத்த ஆரம்பித்தான். சத்தம் கேட்டு வாட்ச்மேன் வந்து விசில் ஊதினார். அவ்வளவுதான். காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் விழுந்து புரண்டு அழுதான். சுற்றிலும் கூட்டம். ஒருத்தர் போனை எடுத்து வீடியோ எடுத்தார். வாட்ச்மேன் சொன்னது அக்காவுக்கு இன்னும் மனப்பாடம்: "இந்த மாதிரி பசங்களையெல்லாம் ஏம்மா இங்க கூட்டிட்டு வர்றீங்க?"

அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் எட்டு மாதம், எட்டு மாதம், அவனை எந்தப் பார்க்குக்கும் கூட்டிப்போகவில்லை. ஃப்ளாட், லிஃப்ட், கார், ஸ்கூல், தெரபி, மறுபடி கார், லிஃப்ட், ஃப்ளாட். ஒரு ஏழு வயசுப் பையனின் உலகம் அவ்வளவுதான். அத்தானுக்கு பெங்களூரில் வேலை. அதனால் சனிக்கிழமை காலை என் பொறுப்பு என்று நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போ ஒரு வருஷம் ஆகிறது. நான் டாக்டரும் இல்லை, தெரபிஸ்ட்டும் இல்லை. ஒரு தாய்மாமன். இந்த ஒரு வருஷத்தில் தப்பு செய்து செய்து கற்றுக்கொண்டதையும், குட்டியின் தெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்றேன்.

முதலில், அந்த வார்த்தை

நியூரோடைவர்ஸ் என்று இப்போ எல்லாரும் சொல்கிறோம். 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்த காலத்தில் வளர்ந்த சிந்தனை இது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தன் ஆய்வேட்டில் 'நியூரோடைவர்சிட்டி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். சாரம் எளிது. மனித மூளைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, அந்த வித்தியாசம் இயல்பானது. ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா எல்லாம் இந்தக் குடைக்குள் வரும். கஷ்டமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கஷ்டம் இருக்கிறது. அதில் எவ்வளவு குழந்தையிடம் இருந்து வருகிறது, எவ்வளவு நாம் கட்டிவைத்திருக்கிற இடங்களிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஊஞ்சலில் என்ன இருக்கு?

ஐம்புலன்கள் என்று படித்திருக்கோம். தெரபிஸ்ட்டுகள் இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொல்வார்கள். ஒன்று, உள்காதில் இருக்கிற சமநிலை உணர்வு. நாம் சாய்கிறோமா, சுற்றுகிறோமா என்று மூளைக்குச் சொல்வது அதுதான். இன்னொன்று, தசைகளும் மூட்டுகளும் அனுப்புகிற உணர்வு. கண்ணை மூடிக்கொண்டே மூக்கைத் தொட முடிகிறதே, அது இதனால்தான். இந்தத் தகவல்களையெல்லாம் மூளை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்பதை வைத்து ஒரு தெரபி முறையையே உருவாக்கியவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

இப்போ இதைக் கேட்டுக்கிட்டிருக்கும்போது உங்க பக்கத்தில் ஃபேன் ஓடுகிறதா? நான் சொல்கிறவரை அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்காது. மூளை அதை வடிகட்டிவிட்டது. சில குழந்தைகளுக்கு அந்த வடிகட்டி வேற மாதிரி வேலை செய்கிறது. ஃபேன், ஹாரன், சட்டையின் லேபிள், பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை எல்லாம் ஒரே வால்யூமில் வந்து மோதும். இன்னும் சிலருக்கு நேர் எதிர். வருகிற தகவல் போதாது, அதனால் இன்னும் வேணும் என்று குதிப்பார்கள், சுற்றுவார்கள், மோதுவார்கள். ஒரே குழந்தைக்கு இரண்டும் இருக்கலாம். குட்டிக்கு விசில் என்றால் வலி, ஊஞ்சல் என்றால் பசி. அன்றைக்குப் பார்க்கில் பசியைப் பிடுங்கிவிட்டு வலியைக் கொடுத்தோம். அவன் கத்தியதில் என்ன ஆச்சரியம்?

இதை அடம் என்று சொல்வது ஏன் தப்பு என்றால், அடம் பிடிக்கிற பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டே அழும். கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். மெல்ட்டவுன் அப்படியில்லை. அந்த நேரத்தில் சாக்லேட் கொடுத்தாலும் நிற்காது, மிரட்டினாலும் நிற்காது. உள்ளே வந்த சுமை இறங்குகிறவரை காத்திருக்கணும்.

அப்போ எதுக்கு வெளியே போகணும்?

இவ்வளவு கஷ்டம் என்றால் வீட்டிலேயே இருந்துடலாமே என்று தோணும். அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஓடுவது, ஏறுவது, இழுப்பது, சுமப்பது எல்லாம் வெளியில்தான் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபேபர் டெய்லர், குவோ என்ற இருவர் 2009இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஏடிஹெச்டி உள்ள 7 முதல் 12 வயதுக் குழந்தைகள் 17 பேர். ஒவ்வொருவரையும் மூன்று இடங்களில் தலா 20 நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரு பூங்கா, ஒரு கடைவீதிப் பகுதி, ஒரு குடியிருப்புத் தெரு. பூங்காவில் நடந்துவிட்டு வந்தபிறகு கவனத்தைச் சோதிக்கும் பரீட்சையில் மற்ற இரண்டையும்விட நன்றாகச் செய்தார்கள். சின்ன ஆய்வுதான், பதினேழே பேர்தான். இதை வைத்து 'மரம் மருந்து' என்று ஃபார்வர்ட் மெசேஜ் எழுதிவிட வேண்டாம். ஆனால் 20 நிமிடம், செலவில்லாத ஒரு நடை, பக்கவிளைவு இல்லை. முயற்சி செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?

நாங்க எப்படிப் போறோம்

முதல் விஷயம் நேரம். சென்னையில் சாயங்காலம் ஆறு மணிக்கு பார்க் என்பது கிட்டத்தட்ட தி. நகர். காலை ஆறரைக்கு அதே பார்க் வேற ஊர். வெயில் இல்லை, ஊஞ்சலுக்கு வரிசை இல்லை, நடக்கிற பெரியவர்கள் மட்டும்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஏழரைக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். வியர்வையில் சட்டை ஒட்டினாலே குட்டிக்கு ஆகாது.

இரண்டாவது, திரும்பத் திரும்ப ஒரே இடம். எனக்கு முதலில் இது புரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு புது இடம் காட்டணும் என்று லிஸ்ட் போட்டுக்கொண்டு போனேன். இரண்டே வாரத்தில் தோற்றேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் அவனுக்கு நிம்மதி. இப்போ முந்தின நாள் ராத்திரியே போனில் போட்டோ காட்டுவேன். இது ஸ்டேஷன், இது ரயில், இது மரம், இது நம்ம வீடு. அவனே விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். காலையில் அதே வரிசை. எதையாவது மாற்றணும் என்றால் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும்.

மூன்றாவது, முடிவு. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது அவனுக்கு ஒன்றுமே இல்லாத வாக்கியம். அஞ்சு நிமிஷத்தைக் கண்ணால் பார்க்க முடியாதே. "இன்னும் பத்து ஆட்டம்" என்றால் புரியும். இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாக எண்ணுவோம். பத்து வந்ததும் இறங்குவான். முதல் இரண்டு மாதம் இறங்கவில்லை என்பதையும் சொல்லிடுறேன். அப்புறம் ஒரு சின்ன ரகசியம்: எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கும்போதே கிளம்பிடுங்க. ஆரம்பத்தில் எங்கள் அவுட்டிங் மொத்தமே 25 நிமிடம்தான்.

நான்காவது, பை. சத்தத்தைக் குறைக்கிற காதுமூடி, மாற்று டிஷர்ட், தண்ணீர், அவன் தினமும் சாப்பிடுகிற அதே பிஸ்கட். புது இடத்தில் புது ஸ்நாக்ஸ் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, கூட்டமில்லாத ஒரு மூலை எங்கே, டாய்லெட் எங்கே, இன்னொரு கேட் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வேன்.

எங்கே போறோம்

எங்களுக்குப் பிடித்த ரூட், பறக்கும் ரயில். திருவான்மியூரில் ஏறி இந்திரா நகர், கஸ்தூரிபா நகர் தாண்டி கோட்டூர்புரம். மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கணும். சனிக்கிழமை அதிகாலையில் ரயில் காலியாக இருக்கும். குட்டிக்கு ரயில்தான் பாதி அவுட்டிங். கோட்டூர்புரம் ஸ்டேஷன் பக்கத்திலேயே, அடையாறு ஓரமாக, நிழல் அமைப்பு பராமரிக்கிற மரப்பூங்கா இருக்கிறது. நம்ம ஊர் மரங்கள், மண்பாதை. விளையாட்டுச் சாமான் எதுவும் தேவைப்படாத இடம். அங்கே அவன் செய்வதெல்லாம் காய்ந்த இலை பொறுக்கி வரிசையாக வைப்பதுதான். ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து வைத்தேன். என் இலையை எடுத்து அவன் வரிசையில் சரியான இடத்தில் வைத்தான். ஏழு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடிய முதல் விளையாட்டு அது.

அடுத்தது கடற்கரை. எலியட்ஸ் பீச், காலையில். ஈர மண்ணைத் தோண்டுவது, வாளியில் அள்ளித் தூக்கிக்கொண்டு நடப்பது எல்லாம் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் நல்ல வேலை. இதைத் தெரபிஸ்ட்டுகள் 'ஹெவி வொர்க்' என்பார்கள். நிறையப் பிள்ளைகளை அமைதிப்படுத்தும். சில பிள்ளைகளுக்கு மண் காலில் படுவதே பிடிக்காது. அவர்களுக்கு ஷூவோடு, பாய் விரித்து ஆரம்பிக்கலாம். மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடல் பக்கம் வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தி, அப்புறம் சரிசெய்தார்கள். வீல்சேருக்காகப் போட்டதுதான், ஆனால் மண்ணில் கால்வைக்க மறுக்கிற குழந்தைக்கும் அது ஒரு வழி.

வண்டலூர் போகணும் என்றால் ஒரு எச்சரிக்கை. அது 602 ஹெக்டேர். முழுசாகப் பார்த்தே தீரணும் என்று நினைத்தால் நீங்களே மெல்ட்டவுன் ஆகிடுவீங்க. யானை மட்டும், இல்லை குரங்கு மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிடலாம். கொடுத்த டிக்கெட் காசு வசூலாகணும் என்ற நம்ம வியாதியைக் கேட்டிலேயே விட்டுட்டுப் போங்க.

எங்கேயும் போக முடியாத வாரத்துக்கு மொட்டைமாடி இருக்கவே இருக்கு. கைப்பிடிச்சுவர் உயரமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு பக்கெட், பத்துச் செடி. பக்கெட்டில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய் ஊற்றச் சொல்லுங்க. பாட்டி வடாம் காயப்போடும்போது காக்கா விரட்டும் வேலையும் குட்டிக்குத்தான். ஓட்டம், கை தட்டல், பொறுப்பு மூன்றும் ஒரே இடத்தில்.

நான்கு நிமிடம்

இதைச் சொல்லாமல் இந்த எபிசோடை முடிக்க முடியாது. போன டிசம்பரில் ஒருநாள் பீச்சில் எனக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. ப்ரொடக்‌ஷன் இஷ்யூ. தலையைக் குனிந்து ஒரு மெசேஜ் டைப் செய்தேன். நிமிர்ந்தபோது குட்டி இல்லை. வாளி இருந்தது, அவன் இல்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பேரைக் கேட்டால் சொல்லமாட்டான். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நான் ரோட்டுப் பக்கம் ஓடினேன். ஒரு மீன்காரம்மாதான் கத்தினார்: "தம்பி, தண்ணி கிட்ட போறான் பாரு!" முழங்கால் அளவு நீரில் நின்று அலையை எண்ணிக்கொண்டிருந்தான். நான்கு நிமிடம். தப்பு முழுக்க என்னுடையது.

அப்புறம்தான் படித்தேன். 2012இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 49 சதவீதம் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது இப்படி விலகிப்போக முயன்றிருக்கிறார்கள் என்று பெற்றோர் சொல்லியிருந்தார்கள். அப்படிப் போகிற பிள்ளைகளில் நிறையப் பேர் தண்ணீரைத் தேடிப் போகிறார்கள். அதனால், பிள்ளை காணோம் என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர் பக்கம். கடலோ, குளமோ, அப்பார்ட்மெண்ட் சம்ப்போ, நீச்சல் குளமோ.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில விதிகள். ஒரு பெரியவருக்கு ஒரே வேலை, பார்ப்பது. போன் பைக்குள். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு டிஷர்ட். கையில் போன் நம்பர் எழுதிய பட்டை. பட்டை பிடிக்காத பிள்ளைக்குச் சட்டையின் உள்பக்கம் எழுதலாம். பீச் போனால் இரண்டு பெரியவர்கள். ஜனவரியில் நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். தண்ணீரை விரும்புகிற பிள்ளையைத் தண்ணீரிடமிருந்து ஒளித்துவைக்க இந்த ஊரில் முடியாது, கற்றுக்கொடுக்கத்தான் முடியும். ஆனால் நீச்சல் தெரியும் என்பதற்காக நம்ம கடலை நம்பாதீங்க. இழுப்பு பெரியவர்களையே கொண்டுபோயிருக்கிறது.

உங்களுக்கு என்ன வேலை?

கேட்கிற உங்களில் பாதிப்பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது என்று எனக்குத் தெரியும். இதெல்லாம் எனக்கெதுக்குன்னு தோணலாம். ஆனால் அக்காவை எட்டு மாதம் வீட்டுக்குள் உட்காரவைத்தது குட்டியின் அழுகை இல்லை. அழுகை அவளுக்குப் பழக்கம். சுற்றி நின்ற கூட்டம்தான். அந்தக் கூட்டம் நாமதான். ஈவினிங் வாக் போகிற நாம, பீச்சில் பஜ்ஜி சாப்பிடுகிற நாம.

ஒரு பிள்ளை பொது இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு கதறினால், சுற்றி நிற்காதீங்க. நாலு அடி தள்ளிப் போங்க, மற்றவர்களையும் நகரச் சொல்லுங்க. வீடியோ வேண்டாம். "ஏம்ப்பா அழற?" என்று பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்காதீங்க. அந்த நேரத்தில் அது இன்னொரு சத்தம். கூட இருக்கிற பெரியவரிடம் மட்டும், மெதுவாக, "ஏதாவது உதவி வேணுமா?" என்று ஒருமுறை கேளுங்க. வேண்டாம் என்றால் விட்டுடுங்க. அறிவுரை வேண்டாம், எந்தச் சாமிக்கு வேண்டிக்கொள்ளலாம் என்ற தகவலும் வேண்டாம். தனியாக ஒரு பிள்ளை தண்ணீர் பக்கமோ ரோட்டுப் பக்கமோ நடந்துபோனால், 'யாராவது கூட இருப்பாங்க' என்று நினைக்காதீங்க. அந்த மீன்காரம்மா நினைக்கவில்லை. அதனால்தான் நான் இன்னைக்கு இங்கே உட்கார்ந்து பேசுறேன்.

சட்டமும் இருக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் பிரிவு 92இன்படி 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை. அந்த வாட்ச்மேன் மேல் கேஸ் போடணும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பார்க் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது, கெஞ்சிக் கேட்டு உள்ளே போகிற இடமில்லை என்பதற்காகச் சொல்றேன்.

கடைசியா ஒன்று. இந்த பிப்ரவரியில் அக்காவே கேட்டாள், "அந்தப் பார்க்குக்குப் போலாமா?" என்று. காலை ஆறரைக்குப் போனோம். அதே வாட்ச்மேன். அக்கா நேராக அவரிடம் போய், "அண்ணே, இவனுக்கு விசில் சத்தம் காதுல ஊசி குத்துற மாதிரி. இவன் இருக்கும்போது மட்டும் ஊதாதீங்க" என்றாள். அவருக்கு அன்றைய சம்பவம் ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குட்டி நாற்பது ஆட்டம் ஆடினான். முப்பதிலிருந்து அவரும் தள்ளி நின்று எண்ணினார். நாற்பது வந்ததும் இறங்கி, யாரையும் பார்க்காமல் கேட்டைப் பார்த்து நடந்தான். அக்கா மட்டும் கொஞ்ச நேரம் ஊஞ்சல் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

இவ்வளவுதான் மக்களே இந்த வாரம். உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குட்டி இருந்தால், அவங்க அம்மாவிடம் போய் "சனிக்கிழமை காலையில நான் கூட வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் மறுபடி கோடு, பக் என்று பேசலாம். அதுவரை, டாட்டா.